விமானங்கள் இல்லாத கப்பல்

சகோதரிகளே, மௌலவி ஒருவர் எழுதிய கட்டுரை என்றதும் நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய விடயம் இதுவல்ல. நான் சொல்ல வந்திருப்பது ஒரு பிளாஸ்டிக் கப்பலின் கதை. கடையில் வாங்கிச் சாவி கொடுத்து ஓடவிடும் கப்பலல்ல. சிறுசிறு துண்டுகளாகப் பெட்டியில் வந்து, ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, ஒட்டி, நிறம் பூசி உண்டாக்கும் மாதிரிக் கப்பல். பொறுமையிருந்தால் கேளுங்கள். சமையற்கட்டுச் சாமான்கள் சிலவும் இடையில் வருகின்றன.

2022ஆம் ஆண்டு கடைசியில் என் மனைவியின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தார். எல்லோருக்கும் வழமைபோல் சவர்க்காரம், பால்மா, துணி என்று வந்தது. என் மூத்த மகனுக்கு மட்டும் ஒரு நீளமான கடதாசிப் பெட்டி. மூடியில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல். மேல்தளம் ஒரு பந்தல் போலத் தட்டையாக நீண்டிருந்தது. வலப்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு கோபுரம், அதன்மேல் முக்காலி போன்ற பாய்மரம். ஜப்பானின் ஆவோஷிமா நிறுவனம் செய்தது. உண்மைக் கப்பலின் எழுநூறில் ஒரு பங்கு அளவு.

"மச்சான், இது நம்மட கடலுக்குள்ள கெடக்கிற கப்பல். அதான் பாத்ததும் வாங்கினேன்" என்றார் அவர்.

எனக்கு அது பிடிக்கவில்லை. முகத்தில் காட்டாமலிருக்க முயன்றேன். முடியவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள்.

பிடிக்காததன் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகனைப் பத்து வயதில் ஹிப்ழு மத்ரஸாவில் சேர்த்திருந்தேன். மூன்று வருடம் ஓதினான். பதின்மூன்றாவது வயதில் ஒருநாள் பையோடு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன், இரண்டும் பலிக்கவில்லை. ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி இடையில் நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு நான் எவ்வளவு இலகுவாக ஆறுதல் சொல்லியிருக்கிறேன்! என் பிள்ளை என்று வந்தபோது அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் மௌலவியின் மகன் என்ற பேச்சுத்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்குமிடையில் பேச்சு குறைந்தது. "சாப்பிட்டியா", "ஓம்", "தொழுதியா", "ஓம்". அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்தப் பெட்டி வந்தது.

மகன் பின்பக்க விறாந்தையில், பழைய தையல் மேசையில் வேலையைத் தொடங்கினான். நான் கல்லூரியிலிருந்து வந்து அந்தப் பக்கம் போவதுபோல் போய்ப் பார்ப்பேன். துண்டுகள் எல்லாம் சாளரச் சட்டம்போன்ற ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கிளை கிளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். நகம்வெட்டியால் கத்தரித்தெடுத்து, வெட்டிய இடத்தைத் தேய்த்து மட்டமாக்கி, ஒட்டுவான். செய்முறைத் தாளைப் பார்த்து எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. நடுவில் படம், சுற்றிவர ஓரமெல்லாம் குறிப்பும் இலக்கமும். நாங்கள் ஓதிய கிதாபுகளில் நடுவில் மூலமும் ஓரங்களில் விளக்கவுரையும் இருக்குமே, அதே அமைப்பு! ஆனால் சிரிப்பை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால், அன்றே காட்டியிருக்கலாம்.

அந்தக் கப்பலின் பெயர் ஹேர்மிஸ். பிரித்தானியக் கடற்படைக்குச் சொந்தமானது. ஆரம்பத்திலிருந்தே விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு, அந்த நோக்கத்துக்காகவே கட்டத் தொடங்கிய முதலாவது கப்பல் அதுதான். அதற்கு முன்பிருந்தவை வேறு கப்பல்களை மாற்றிச் செய்தவை. 1918இல் வேலை தொடங்கியது. 1919இல் நீரில் இறக்கினார்கள். ஆனால் முழுமையாக முடிவதற்குள் ஜப்பான் தன்னுடைய ஹோஷோ என்ற கப்பலை 1922 டிசம்பரில் முடித்து முந்திக்கொண்டது. ஹேர்மிஸின் நீளம் 600 அடி. மகன் செய்த மாதிரி ஒரு முழத்துக்கும் குறைவு, 26 சென்ரிமீற்றர்.

ஒரு விடயத்தை நானாகவே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களில் யாராவது கடிதம் எழுதிக் கேட்பீர்கள். கப்பல் உயிரற்ற பொருள். அதன் உருவத்தைச் செய்வதில் மார்க்கத்தில் தடையில்லை. ஆகவே என் கோபத்துக்கு மார்க்கத்தைச் சாட்டாகச் சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை. வீண்விரயம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். காசு கொடுத்தது மச்சான்!

2023 ஜனவரியில் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்தன. கணிதம் மோசம். அன்று மஃரிபுக்குப் பள்ளிக்குப் போகக் கூப்பிட்டேன். "இதோ வாறன் வாப்பா" என்றான். வரவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். ஒட்டிய துண்டைப் பிடித்திருந்ததால் கையை எடுக்க முடியாமல் இருந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நிற்கவில்லை. போய் மேசையை ஒரு இழுவை இழுத்தேன். கப்பல் சீமெந்துத் தரையில் விழுந்தது.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு சிறு தட்டு விழுந்ததுபோல் ஒரு சத்தம். பாய்மரம் முறிந்து, கோபுரம் கழன்று, முன்பக்க ஒட்டுத் திறந்து, துண்டுகள் நாலா பக்கமும் தெறித்தன. மகன் அழவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் பள்ளிக்கு நடந்தான். அன்று நான் எப்படித் தொழுதேன் என்று கேட்காதீர்கள்.

இஷா முடிந்து வந்தபோது என் மனைவி கையில் டோர்ச் லைட்டோடு விறாந்தைத் தரையில் முழங்காலில் இருந்தாள். ஒரு மாஜரின் டப்பாவுக்குள் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டிருந்தாள். நகத்தளவு, அரிசியளவு, சில எள்ளளவு. டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"மேல் தட்டு ஒண்டு காணல்ல. பாய்மரத்துக்கு மேல வெக்கிறது. படத்தில இருக்கு, இதுக்குள்ள இல்ல. எனக்கு இடுப்பு நோகுது, நீங்க தேடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து சோறு போடப் போய்விட்டாள். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் பதில் வைத்திருந்தேன்.

சகோதரிகளே, நாற்பத்து நாலு வயதில், தாடி நரைக்கத் தொடங்கிய ஒருவன், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அலுமாரிக்கு அடியில் தலையை விட்டுத் தேடும் காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தேங்காய் துருவும் பலகைக்குக் கீழே பார்த்தேன். செருப்புகளைத் தட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் இன்னொரு வெளிச்சம் விழுந்தது. மகன் தன்னுடைய தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது அங்க போகாது வாப்பா. பாரமில்லாதது. காத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கும்."

தரையில் இருந்தபடியே, அவன் முகத்தைப் பார்க்காமல், "மகன், நான் செஞ்சது பிழை. மன்னிச்சுக்க" என்றேன். மிம்பரில் நின்று ஆயிரம் பேருக்குச் சொல்லிய சொல்தான் அது. ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்ல என் வாய் எவ்வளவு கனத்தது என்று அன்றுதான் கண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் பிடித்தான். நாங்கள் இரவு பதினொரு மணிவரை தேடினோம். துண்டு கிடைக்கவில்லை.

மறுநாள் அவன் கப்பலைத் தூக்கிப் பார்த்தான். முன்பக்கம் திறந்திருந்ததால் மேசையில் நேராக உட்காரவில்லை, இடப்பக்கமாகச் சாய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், "வாப்பா, இது மூழ்கேக்கயும் இந்தப் பக்கம்தான் சாஞ்சது" என்றான். ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. தொலைபேசியில் காட்டினான். உண்மைதான். கப்பல் இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. பெட்டியில் காட்டியபடி நிமிர்ந்த கப்பலாக இனிச் செய்யப்போவதில்லை, மாற்றிச் செய்யப்போகிறேன் என்றான். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் அவன் நீளமாகக் கதைத்தது அன்றுதான். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனாலும் எழும்பிப் போகவில்லை.

மாற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த வகைக் கப்பல்கள் நீர்மட்டத்தோடு வெட்டியவை. மேசையில் வைத்தால் கடலில் நிற்பதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக, தண்ணீருக்குக் கீழே இருக்கும் வயிற்றுப் பகுதி அவற்றுக்குக் கிடையாது. நேராக நிற்கும் கப்பலுக்கு அது போதும். இடப்பக்கம் சரித்தாலோ வலப்பக்கம் மேலே எழும்பும், தண்ணீருக்குள் இருந்த வயிறு வெளியே தெரிய வேண்டும். இல்லாத வயிற்றை எங்கே தேடுவது?

இங்கேதான் சமையற்கட்டு உதவிக்கு வந்தது. முதலில் ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியை வெட்டிப் பார்த்தான். ஒட்டவேயில்லை. கப்பலுக்குரிய பசை உண்மையில் பசையல்ல. பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்யும் திரவம். கப்பலும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், அதனால் அதே வகைப் பிளாஸ்டிக்கோடுதான் சேரும். ஐஸ்கிறீம் மூடி வேறு சாதி. யோகட் கோப்பையை வெட்டிப் பார்த்தான், பிடித்துக்கொண்டது! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யோகட் கோப்பை ஒன்றும் குப்பைக்குப் போகவில்லை. மனைவி கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கோப்பையின் வளைவு வயிற்றின் வளைவுக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது. கீலம் கீலமாக வெட்டி ஒட்டித் தேய்த்தான். தேய்ப்பது என் வேலையாயிற்று. தேய்க்கத் தேய்க்க அதிலொரு சுகம் இருக்கிறது. பேசாமல் பக்கத்தில் இருக்க அது நல்ல தொழில்.

முறிந்த பாய்மரத்துக்கு அவன் செய்த வேலையைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்த சட்டத்தை எறியாமல் வைத்திருந்தான். அதில் ஒரு சாணளவை எடுத்து, மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலே, சுவாலை படாமல், உருட்டிக்கொண்டிருந்தான். நடுவில் மினுமினுத்து இளகியதும் சுவாலையிலிருந்து எடுத்து இரு கையாலும் இழுத்தான். தலைமுடி போன்ற நூல் வந்தது! மெதுவாக இழுத்தால் தடிப்பு, விரைவாக இழுத்தால் மெல்லியது. தடித்ததில் முக்காலியின் கால்கள், மெல்லியதில் கம்பி வடங்கள். காணாமற்போன தட்டையும் யோகட் கோப்பையில் வெட்டினான். ஆறு முறை வெட்டி ஏழாவது முறை சரிவந்தது.

கடலுக்கு, குளிரூட்டிப் பெட்டியில் வந்த ரெஜிபோம். முதலில் கப்பல் பசையை அதில் தடவிவிட்டு நாங்கள் அஸருக்குப் போய்விட்டோம். வந்து பார்த்தால் ரெஜிபோமில் பெரிய குழி! அதுவும் அதே பிளாஸ்டிக்தானாம், பசை தின்றுவிட்டது. பிறகு பைண்டர் கம்தான். ரெஜிபோமைக் குடைந்து, இடப்பக்கம் ஆழமாகப் போகும்படி கப்பலைப் பதித்து, மேலே டிசு கடதாசியை விரித்து, தண்ணீர் கலந்த பைண்டர் கம்மைத் தூரிகையால் குத்திக் குத்தி நனைத்தால் தானாகவே சுருங்கி அலையாகிறது. காய்ந்ததும் நீலமும் பச்சையும் பூசினான். மனைவி வந்து பார்த்து, "ஏப்ரல் மாசத்துக் கடல் இப்புடி முறுகாது, வெளிச்சமா இருக்கும்" என்றாள். மீண்டும் பூசினான்.

கடைசியில் மிஞ்சியது விமானங்கள். பெட்டியில் அவையும் இருந்தன. இறக்கைகள், வால்கள், எல்லாம் தனித்தனித் துண்டு. நான்கூட அவற்றைத் தளத்தில் வரிசையாக வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். மகன் தொடவில்லை.

"அண்டைக்கு அதில ஒரு பிளேனும் இல்ல வாப்பா."

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு அவர்கள் இந்து சமுத்திரத்துக்குள் வந்திருந்தார்கள். அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும், அங்கு நின்ற ஹேர்மிஸை 8ஆம் திகதி துறைமுகத்திலிருந்து வெளியே தெற்கு நோக்கி அனுப்பினார்கள். அவசரத்தில் அதனுடைய விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. மறுநாள் 9ஆம் திகதி, வியாழக்கிழமை காலை, மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அதைக் கண்டுகொண்டார்கள். எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. விமானந்தாங்கியிடம் எதிர்த்துப் பறக்க ஒரு விமானம் இல்லை. ரத்மலானையிலிருந்து உதவிக்கு வந்தவை சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. தாக்குதல் தொடங்கி இருபது நிமிடமளவில் கப்பல் அடியில். தலைவர் உட்பட 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும், வேறு சில கப்பல்களும் அன்றே மூழ்கின. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் அவ்வழியே வந்ததால் ஏறத்தாழ அறுநூறு பேர் தப்பினார்கள். இன்றும் அது ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது.

எங்கள் ஊர் காத்தான்குடி. ஊர் வழக்கப்படி நான் குடியிருப்பது மனைவியின் வீட்டில். அங்கே மனைவியின் மூத்தம்மா இருந்தா. 1942இல் அவவுக்கு எட்டு வயது. கண்பார்வை முற்றாக மங்கி, முன் அறையில் கட்டிலோடு கிடந்தா. கப்பல் முடிந்த அன்று மகன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவவின் மடியில் வைத்தான்.

மூத்தம்மா விரலால் தடவினா. தளத்தை, கோபுரத்தை, அலையை. பாய்மரம் முறிந்துவிடுமோ என்று நான் பதறினேன், மகன் பதறவில்லை.

"சரிஞ்சி கெடக்கே மனே?"

"ஓம் மூத்தம்மா, மூழ்குது."

அவ கதை சொன்னா. அன்று காலை இடி இடித்ததாம், மழையில்லாத இடி. உம்மா எல்லாரையும் உள்ளுக்குப் போட்டுக் கதவைச் சாத்தினாவாம். அடுப்பில் இருந்த பானை அப்படியே கரிந்துபோயிற்றாம். கடல் பக்கம் புகை. இரண்டொரு நாள் கழித்துக் காக்கா கடற்கரைக்குப் போய்விட்டு வந்தபோது முழங்கால் மட்டும் கறுப்பு எண்ணெய். உம்மா தேங்காயெண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஏசினாவாம். இந்தக் கதையை என் மனைவிகூட அதுவரை கேட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றா.

பிறகு விரலை மீண்டும் தளத்தில் ஓட்டிவிட்டுக் கேட்டா: "ஆக்கள் எங்க மனே?"

மகன் என்னைப் பார்த்தான். ஆட்களை வைப்பதா என்று அவன் முன்பே என்னிடம் கேட்டிருந்தான். அந்த அளவில் ஒரு மனிதன் இரண்டரை மில்லிமீற்றர், முகமும் இல்லை, உறுப்பும் இல்லை, ஒரு புள்ளிதான். மசலா சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஆனாலும் "உனக்கு எப்படித் தோணுது?" என்று அவனிடமே கேட்டுவிட்டிருந்தேன். அவன் வைக்கவில்லை.

"கடலுக்குள்ள இருக்காங்க மூத்தம்மா. கைக்குப் படாது, அவ்வளவு சின்னன்."

மூத்தம்மா கையை எடுத்து, கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தா. என்ன ஓதினா என்று நாங்கள் கேட்கவில்லை.

அவ 2023 கடைசியில் மௌத்தானா. கப்பல் அவவின் அலுமாரிக்கு மேலேயே இருந்தது, இப்போதும் அங்கேதான். விமானத் துண்டுகள் சட்டத்திலிருந்து வெட்டப்படாமல் பெட்டிக்குள் கிடக்கின்றன. மகன் மத்ரஸாவுக்குத் திரும்பவில்லை. கணிதம் இன்னும் சுமார்தான்.

2024 நோன்புக்கு முன்னால் வீடு கழுவினோம். தையல் மேசையைப் புரட்டித் துடைத்த மனைவி, இழுப்பறைக்குப் பின்னால் இருந்த இடுக்கிலிருந்து ஊசிமுனையால் எதையோ நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். உளுந்தை விடக் கொஞ்சம் பெரியது. பாய்மரத்தின் மேல் தட்டு. நான் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய் மகனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அலுமாரிக்கு மேலிருந்த கப்பலையும் பார்த்தான்.

"இனிக் கழட்டேலா வாப்பா. யோகட் கோப்பையே இருக்கட்டும். நீங்க வெச்சிக்கங்க."

என்னுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் கீழே விழுந்து, நானும் அவனும் தேடிக்கொண்டிருக்கிறோம்.